அண்ணன் கழுத்தில் தொங்கிய சாவி

எங்கள் அண்ணன் சுங்கை சிப்புட் அருகே ஒரு ரப்பர் தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்தார். தோட்டம் விற்கப்பட்டு நாங்கள் வெளியேறியபோது, என் படிப்பு நின்றுவிடாமல் காத்தவர் அவர்தான். பின்னாளில் செமோரில் காய்கறி பயிரிட்டுக்கொண்டே சுற்றுவட்டாரச் சிறு விவசாயிகளுக்குப் பயிற்சியும் அளித்தார்.

இலையைத் திருப்பி அடிப்பக்கம் பூச்சியைப் பார்க்காமல் யாரையும் மருந்தடிக்க விடமாட்டார். "நேத்து மருந்தடிச்ச கீரைய ஒங்க வீட்டுல ஆக்குவீங்களா? அப்புறம் ஏன் லா சந்தைக்கு அனுப்புறீங்க?" என்று கேட்பார். கோபித்துக்கொண்டு போனவர்களும் மறுவாரம் வந்தார்கள்.

பயிர் நோய் காலில் போடும் சப்பாத்தில் ஒட்டிக்கொண்டு வரும் என்பார். அதனால் தோட்டத்தின் பின்வழியை அடைத்து, ஒரே வாசல் வைத்து, அங்கே சப்பாத்தை நனைத்துவிட்டு வரக் கிருமிநாசினித் தொட்டி ஒன்றும் கட்டினார். தண்ணீர் பம்பு திருடுபோன பிறகு, தனியாக இருக்கும்போது உள்ளே பூட்டிக்கொள்ளச் சொல்லி நச்சரித்தவள் நான்.

"என்னைய உள்ள வச்சுப் பூட்டுறியா, பாப்பா?" என்று சிரித்தார். ஆனாலும் பூட்டினார். சாவியைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டார்.

அன்று காலை அவர் தொலைபேசியை எடுக்கவில்லை. ஈப்போவிலிருந்து ஓடினேன். கதவு உட்புறம் பூட்டியிருந்தது, மேலே முள்கம்பி. நான் அழைக்க அழைக்கப் பயற்றங்கொடிகளுக்குள் அவர் தொலைபேசி மணி ஒலித்தது. பக்கத்துத் தோட்டத்து முனியாண்டி அண்ணன் இருவரோடு வந்து சங்கிலியை வெட்டினார். வெட்டியதும் மூவரும் தொட்டியில் சப்பாத்தை நனைத்தார்கள்.

"ஆளு உள்ள கெடக்குறாரு, ஒங்களுக்குச் சப்பாத்துதான் முக்கியமா?" என்று கத்தினேன்.

"பழக்கத்துல கால் தானா தொட்டிக்குப் போயிருச்சு, தங்கச்சி," என்றார் அவர்.

அண்ணனின் இதயம் விடியலிலேயே நின்றுவிட்டது, கதவு திறந்திருந்தாலும் பயனிருந்திருக்காது என்றார் மருத்துவர். அது என் காதுக்கு எட்டியது. மனத்துக்கு இன்னும் எட்டவில்லை.

இந்த ஓராண்டாக என் மகள்தான் அத்தோட்டத்தைப் பார்க்கிறாள். பூட்டிக்கொள் என்றும், பூட்டாதே என்றும் அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மறுசாவி முனியாண்டி அண்ணனிடம் இருக்கிறது. அதை நம்பித்தான் உறங்குகிறேன்.

இறுதிச் சடங்கில் தோள்கொடுத்த உறவினர், நண்பர் அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. சங்கிலியை வெட்டிய மூவரும் நான் கத்தியதை மன்னிக்க வேண்டும். அண்ணன் கற்றுக்கொடுத்ததை அந்த நேரத்திலும் நீங்கள் மறக்கவில்லை. நனைக்காத காலோடு அவரிடம் ஓடியவள் நான் ஒருத்திதான்.