பாதிப் பெயர்: தஞ்சோங் ஹராப்பானில் ஒரு செயற்கைக்கோளைத் தேடி

இந்தப் பயணம் ஒரு சொல்லின் மேல் வந்த கோபத்தில் புறப்பட்டது.

என் மகள் ரீத்தா பெட்டாலிங் ஜெயாவில் சிறிய செயற்கைக்கோள் செய்யும் நிறுவனத்தில் வேலை செய்கிறாள். அவளும் இன்னும் நான்கு பேரும் சேர்ந்து செய்தது ஒரு பிஸ்கட் டின் அளவுதான் இருக்கும். மழைக்காலத்தில் கிள்ளான் ஆற்றோரம் எங்கெங்கே வெள்ளம் நிற்கிறது என்று படம் எடுப்பது அதன் வேலை. புதுவகை பேட்டரி ஒன்று விண்வெளியில் தாங்குமா என்று சோதிப்பது இன்னொரு வேலை. சென்ற மாதம் வெளிநாட்டு ராக்கெட் ஒன்று வேறு பல செயற்கைக்கோள்களோடு இதையும் ஏற்றிப்போய் மேலே விட்டது. சுற்றும்போது அது தன் பெயரைத் தந்திபோல் விட்டுவிட்டு ஒலிக்க வேண்டும். மூன்று வாரமாகச் சத்தமே இல்லை. வியாழக்கிழமை மேலாளர் ரீத்தாவிடம், "அது செத்துப்போச்சு, நாளைக்கு சாயங்காலத்துக்குள்ள ரிப்போர்ட்ல எழுதிடு" என்று சொல்லிவிட்டார். அப்படி எழுதிவிட்டால் அதற்குப் பிறகு யாரும் காதுகொடுக்க மாட்டார்கள். குழுவையும் கலைத்துவிடுவார்கள்.

நான் ரயில்வேயில் தண்டவாள வேலை செய்து ஓய்வுபெற்றவன். படிக்கத் தெரியாது. நான் பேசப் பேச போன் எழுதுகிறது, பிழையை ரீத்தா பார்க்கிறாள். இவனுக்கு இதில் என்ன வேலை என்று கேட்பவர்கள் இந்த இடத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். உடம்பைப் பார்க்காமல் யாரையும் செத்தவர் கணக்கில் சேர்க்கிற வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை.

அலுவலக மாடியைச் சுற்றி போன் கோபுரங்கள், அங்கே ரேடியோ இரைச்சல் அதிகம். வெள்ளிக்கிழமை மாலை நாலு இருபதுக்கு அது கடல் பக்கமாகக் கடக்கும் என்று கணக்குச் சொன்னதால் தஞ்சோங் ஹராப்பான் கடற்கரைக்குப் போவோம் என்றேன். ரீத்தாவுக்கு நம்பிக்கையில்லை. நான் சட்டையை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றதால் அரை நாள் லீவு போட்டாள்.

பிரிக்பீல்ட்ஸ் வீட்டிலிருந்து கேஎல் சென்ட்ரல் ஸ்டேஷன் நடக்கிற தூரம். போர்ட் கிள்ளான் கொமுட்டர் ரயிலில் கிள்ளானுக்கு ஒரு மணி நேரம். முதியவர்களுக்குச் சலுகை உண்டு, கவுண்டரில் கேளுங்கள். எங்கள் ஏரியல் பிவிசி குழாயில் இரும்பு அளவு டேப்பை வெட்டிக் கட்டியது. பெட்டிக்குள் அதைச் செங்குத்தாகப் பிடித்துக்கொள்ளுங்கள். படுக்கவைத்தால் பக்கத்து சீட்டு ஆன்டியின் கொண்டையில் மாட்டும், மாட்டியது.

கிள்ளான் ஸ்டேஷனிலிருந்து கடற்கரை பத்துக் கிலோமீட்டருக்கு மேல். வாடகைக் கார் பதினைந்து வெள்ளி, அதாவது ரிங்கிட். ஓட்டுநர் தம்பி கண்ணாடியில் பார்த்துக்கொண்டே வந்தார்.

"அங்கிள், டிவி ஏரியலா?"

"சேட்டிலைட்ட தேடப் போறோம்."

"தொலைஞ்சிடுச்சா?"

"தொலையல. ஆபீஸ்லதான் பொறுமை தொலைஞ்சிடுச்சு."

"அப்பா, சும்மா வாங்க" என்றாள் ரீத்தா. தம்பி சிரித்துவிட்டு வானொலியை அணைத்தார்.

கடற்கரையில் தூண்டில்காரர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். சுவரோரம் மடிக்கணினியை வைத்துவிட்டு ரீத்தா திசை சொன்னாள், நான் ஏரியலைப் பிடித்தேன். ஒரு தூண்டில்காரர் கேட்டார், "அண்ணே, மீனு கீழ இருக்கு. நீங்க மேல காட்டுறீங்க."

"எனக்கு வேண்டியது மேலதான் இருக்கு."

"இருக்கட்டும்லா. மாட்டுனா சொல்லுங்க."

நாலு இருபது வந்தது. கடலிரைச்சல் மாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதான். பத்து நிமிடம் ஏரியலைக் கொஞ்சம் கொஞ்சமாக வடக்கே திருப்பினேன். ஒன்றுமில்லை.

"போயிருச்சுப்பா. எறக்குங்க."

"எறக்க மாட்டேன்."

"நேரம் முடிஞ்சிருச்சு."

"நேரம்தானே முடிஞ்சுது. கை இருக்கில்ல?"

அவள் தலையில் மாட்டியிருந்த ஹெட்போனைக் கழற்றி ஒயரையும் பிடுங்கினாள், ஆனால் மடிக்கணினியை மூடவில்லை. ஏரியலை மறுபடி தெற்கே திருப்பி நின்றேன். ஏரியல் சாயத் தொடங்கியது. தூண்டில்காரர் எழுந்து வந்து என் முழங்கையைத் தாங்கிப் பிடித்தார். கேலி செய்தவர்தான்.

அப்போது மடிக்கணினியிலிருந்து மெல்லிய சத்தம். நீளம், குட்டை, குட்டை. ரயில் நம்மைத் தாண்டும்போது ஹார்ன் இறங்குமே, அதுபோல் சத்தம் தணிந்துகொண்டே வந்தது. ரீத்தா திரைக்குப் பக்கத்தில் மண்டியிட்டாள். பெயரின் முதல் மூன்று எழுத்து கேட்டது. அடுத்த மூன்று வருவதற்குள் இரைச்சல் மூடிக்கொண்டது.

அவள் பிறகு விளக்கினாள். ஒரே ராக்கெட்டிலிருந்து கொட்டப்பட்ட அத்தனை செயற்கைக்கோள்களில் எது யாருடையது என்று கீழிருந்து பிரித்தறியச் சில வாரம் ஆகுமாம். இத்தனை நாள் இவர்கள் பார்த்துக்கொண்டிருந்தது பக்கத்து வீட்டுக்காரன் கடக்கிற நேரத்தை. இவர்களுடையது பின்னால் வந்துகொண்டிருந்திருக்கலாம்.

அங்கேயே மேலாளரை அழைத்து, ஸ்பீக்கரில் போட்டாள்.

"மூணு எழுத்தா? அதே மூணுல ஆரம்பிக்கிறது வேறயும் இருக்கும். பாதிப் பேர வெச்சு உயிரோட இருக்குன்னு எழுத முடியாதுலா, ரீத்தா."

"அப்ப செத்துப்போச்சுன்னும் எழுத முடியாது, பாஸ்."

நான் அவரைக் குறை சொல்ல மாட்டேன், அவர் கேட்டது நியாயம்தான். ஆனால் ரீத்தாவும் இறங்கவில்லை. "பேர் முழுசா வர்ற வரைக்கும் நான் கையெழுத்துப் போட மாட்டேன்" என்றாள். இந்தப் பெண் என்னை ஒருநாளும் எதிர்த்துப் பேசியதில்லை, யாருக்காகச் சேர்த்துவைத்தாளோ. கடைசியில் இன்னும் ஒரு வாரம் என்றார் மேலாளர். அறிக்கையில் இப்போது 'தேடப்படுகிறது' என்று இருக்கிறதாம். எனக்குப் படித்துக் காட்டினாள், இன்னொரு முறையும் படிக்கச் சொன்னேன்.

போக நினைப்பவர்களுக்கு: தொப்பி கட்டாயம், மேற்கு வெயில் முகத்தில் அடிக்கும். தண்ணீர் கொண்டுபோங்கள். ஏரியலுக்கு வேண்டியது எல்லாம் ஹார்ட்வேர் கடையில் நாற்பது வெள்ளிக்குள் கிடைக்கும். கேட்பதற்கு மட்டும் என்றால் பழைய மடிக்கணினியும் அதில் செருகுகிற சின்ன ரேடியோக் குச்சி ஒன்றும் போதும். இருவராகப் போங்கள், ஒருவர் பிடிக்க, ஒருவர் கேட்க. சொன்ன நேரம் முடிந்த பிறகும் கால் மணி நேரம் ஏரியலை இறக்காதீர்கள்.

இந்த வாரம் முழுக்கச் சாயங்காலம் நாலு மணிக்கு நாங்கள் அங்கேதான் இருப்போம். மூன்று எழுத்து எங்களிடம் இருக்கிறது. மிச்ச மூன்று யார் காதில் விழுந்தாலும் வந்து சொல்லுங்கள்.