நாற்பது ரூபாய் சீட்டுக்கட்டும் ஒரு போலீஸ் ஜீப்பும்

இன்று மதியம் நடந்தது.

நண்பன் செந்திலுக்குத் துபாயில் வேலை கிடைத்திருக்கிறது. அவன் போவதற்குள் நாங்கள் நாலு பேரும் உட்கார்ந்து ஏதாவது விளையாட ஆசைப்பட்டோம். ஆன்லைனில் பார்த்த கார்டு கேம் எல்லாம் எண்ணூறு, ஆயிரம். கடைசியில் புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டு பக்கம் நாற்பது ரூபாய்க்குச் சீட்டுக்கட்டு வாங்கி, விராலிமலைக்கு வெளியே ஒரு மரத்தடியில் உட்கார்ந்தோம்.

மூன்றாவது ஆட்டத்தில் போலீஸ் ஜீப் வந்து நின்றது.

"காசு எங்கடா?" என்றார் எஸ்.ஐ.

"காசு வச்சு ஆடலைங்க சார். கழுதை ஆட்டம். கடைசியில கையில சீட்டு மிஞ்சுறவன் கழுதை, அவ்வளவுதாங்க" என்றேன்.

அவர் நம்பவில்லை. விரித்திருந்த துண்டை உதறச் சொன்னார். பிறகு பெயர், ஊர் எல்லாம் ஒரு தாளில் எழுதிக்கொண்டார். செந்திலுக்கு முகம் வெளுத்துவிட்டது. அவனுடைய பாஸ்போர்ட் வெரிஃபிகேஷன் இன்னும் முடியவில்லை. ஒரு கேஸ் விழுந்தால் துபாய் கிடையாது.

"சரி, இதுல யாருடா கழுதை?"

செந்தில் மெதுவாகக் கையைத் தூக்கினான். "ரெண்டு ஆட்டமும் நான்தாங்க சார். இதுலயும் நான்தான் போல."

அவன் கையில் இருபது சீட்டுக்கு மேல் இருந்தது. எஸ்.ஐ. அதையே சற்று நேரம் பார்த்தார். பிறகு எழுதிய தாளைக் கிழித்துப் போட்டார்.

"இவன் காசு வச்சு ஆடியிருந்தா சட்டைகூட மிஞ்சியிருக்காது. வீட்டுல போயி ஆடுங்கடா."



நூறு ரூபாய்க்குள், நாலு பேர் ஆட, போலீஸுக்கு விளக்கம் சொல்லத் தேவையில்லாத விளையாட்டு ஏதாவது தெரிந்தால் சொல்லுங்கள். செந்தில் ஒருமுறையாவது ஜெயிக்கக்கூடியதாக இருந்தால் நல்லது.