உல்லன் நூலும் யாழினியின் விரலும்

யாழினியின் சுட்டு விரல் நீலம் பாரித்திருந்தது. விரலடியில் பச்சை உல்லன் நூல் பல சுற்றுச் சுற்றி, சதைக்குள் புதைந்து கிடந்தது. போடிமெட்டுக்கு மேலே ஓர் ஏலத்தோட்டத்துக் குழந்தைகள் காப்பகத்தில் நான் டீச்சராக இருந்தபோது நடந்தது இது. புதிதாக இந்த வேலைக்கு வந்திருப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

அன்று அட்டைத் தறியில் நெசவு சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அட்டையில் பாவு நூலை நெடுக்காக வரிசையாகக் கட்டி, ஈர்க்குச்சியில் உல்லனை முடிந்து மேலும் கீழுமாக ஓட்ட வேண்டும். ஐந்து வயதுப் பிள்ளைகளுக்கு அதுவே மலையைப் புரட்டுகிற வேலை. நான் ஒருத்தியின் நூல் சிக்கை எடுத்துக்கொண்டிருந்தபோது யாழினி குச்சியை விரலில் குத்திக்கொண்டாள். பக்கத்திலிருந்த மதுமிதா அந்த விரலில் உல்லனைச் சுற்றிக் கட்டி வைத்தியம் பார்த்துவிட்டாள். உல்லன் பொல்லாத நூல். இழுத்துக் கட்டினால் நீளும், கையை எடுத்ததும் சுருங்கி இறுக்கும்.

கத்தரி நுழைய இடமில்லை. என் கொண்டை ஊசியை நூலுக்கடியில் விட்டு நெம்பினேன். பிள்ளைக்கு விரல் போய்விடுமோ என்ற பயத்தில், கொஞ்சம் இடம் கிடைத்ததுமே கத்தரியை நுழைத்தேன். அந்த நேரம் பார்த்து மதுமிதா என் கையைப் பிடித்துத் தொங்கினாள்.

"வெட்டாதீங்க டீச்சர்! வெசம் ஏறிரும்!"

"ஏன்டி, ஈர்க்குச்சிதான குத்துச்சு? அதுல ஏது வெசம்?"

"எங்கப்பாவ பாம்பு கடிச்சப்ப இப்படித்தேன் கட்டுனாக. அவுத்தா செத்துருவாகன்னு சொன்னாக."

திட்ட வாயெடுத்தவள் அடங்கிப்போனேன். "இவளுக்கு வெசமே இல்ல ஆத்தா. கட்டு இருந்தாத்தேன் விரலு போயிரும். என்னைய நம்பு" என்றேன். அவள் பிடி தளர்ந்தது. வெட்டினேன். நீலம் வடிந்து விரல் மெல்லச் சிவந்தது. யாழினி அதை மடக்கிப் பார்த்துவிட்டு பிஸ்கட் கேட்டாள். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

மதுமிதாவுக்கு மட்டும் நம்பிக்கை வரவில்லை. சாயங்காலம் வரை யாழினியை ஒட்டியே உட்கார்ந்துகொண்டு எனக்கு அடிக்கடி சேதி சொன்னாள்:

"இன்னும் சாகல டீச்சர்."

மதுமிதாவைக் கூட்டிப்போக ஜீப்பில் வந்த அவள் அப்பாவிடம், பாம்பு கடித்தால் இறுக்கிக் கட்டக் கூடாது, உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்று சொல்லி அனுப்பினேன்.

அதன்பிறகு என் வகுப்பில் உல்லனைக் கையில் கொடுத்ததும் முதல் பாடம் முடிச்சை அவிழ்ப்பதுதான். இன்னொன்றும் சொல்ல வேண்டும். பிள்ளைகள் ஏடாகூடமாக எதையாவது செய்து வைத்தால், கை ஓங்குமுன் ஏன் செய்தாய் என்று கேட்டுவிடுங்கள். அன்று முழுக்க மதுமிதா தன் சிநேகிதியின் உயிரைக் காப்பாற்றிக்கொண்டுதான் இருந்தாள்.