காதில் நின்ற தண்ணீர்

தென்காசியிலிருந்து செங்கோட்டை போகும் சாலையில் ஒரு மர அறுவை மில்லில் இருபத்திரண்டு வருடம் சூப்பர்வைசராக இருந்தேன். தொழிலாளர்களின் காதைப் பாதுகாக்கும் பொறுப்பும் என்னிடம்தான் இருந்தது. இதைச் சொன்னால் இப்போது என் மனைவி சிரிக்கிறாள். சிரிக்கட்டும், எனக்குப் பாதிதான் கேட்கிறது.

முதலாளி ஆளுக்கொரு காதுக்கவசம் வாங்கித் தந்திருந்தார். இரண்டு கிண்ணங்களை ஒரு வளையத்தில் பொருத்தியது போல இருக்கும். எங்கள் ஆட்கள் அதைக் கழுத்தில்தான் மாட்டுவார்கள். ரம்பம் தடியில் இறங்கும்போது எழும் சத்தத்துக்கு நடுவே நான் ஓடிப்போய், "காதுல மாட்டுங்கலே" என்று கத்துவேன். ஒழுங்காக மாட்டியிருந்த ஒன்றிரண்டு பேரும், நான் என்ன சொல்கிறேன் என்று கேட்பதற்காகக் கழற்றிவிடுவார்கள். இப்படி ஒரு நாளைக்குப் பத்துத் தடவை. விடாப்பிடியாக நின்று, ஒரு வழியாக எல்லாரையும் மாட்ட வைத்தேன்.

என் கவசம் மட்டும் மேசை இழுப்பறையில் உறை பிரிக்காமல் கிடந்தது. சூப்பர்வைசரும் காதைப் பொத்திக்கொண்டால், யார் கூப்பிடுவது யாருக்குக் கேட்கும்? அதுவுமில்லாமல் எனக்கு ஒரு கெத்து. சத்தத்துக்குப் பயந்தவன் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே.

முதலில் காது அடைத்தது ஒரு சீசனில், அருவியில் குளித்த மறுநாள். எங்கள் ஊரில் இதற்கெல்லாம் யாரும் டாக்டரிடம் போவதில்லை. குற்றாலத் தண்ணீர் காதில் புகுந்திருக்கும், அவ்வளவுதான். ரம்பம் ஓட்டுகிற அண்ணாச்சி வைத்தியம் சொன்னார்: "வெயில்ல காஞ்ச கல்ல எடுத்துக் காதுல பொத்திக்கிட்டு, ஒத்தக்கால்ல நொண்டியடிங்க. வடிஞ்சிரும்."

வடியவில்லை. ஐந்தாறு வருடம் நொண்டியடித்தேன். காதுக்குள் 'கொய்ங்' என்று ஒரு சத்தம் ஓயாமல் கேட்டது. அதையும் தண்ணீர் கணக்கிலேயே சேர்த்துவிட்டேன். வெளியூரில் இருக்கும் மகள் போனில் பேசினால், வாயில் துணியை வைத்துக்கொண்டு பேசுவது போல இருந்தது. "போன் சரியில்ல, மாத்து" என்று அவளைத் திட்டினேன். அவளும் இரண்டு போன் மாற்றினாள்.

போன பங்குனியில் முற்றத்தில் நொண்டியடித்துக்கொண்டிருந்தபோது, மனைவி எதிரே வந்து நின்று முகத்துக்கு நேரே கேட்டாள்: "அருவியே காஞ்சு வெறும் பாறையாக் கெடக்கு. உங்க காதுல மட்டும் எப்படித் தண்ணி நிக்குது?"

காதில் பொத்தியிருந்த கல்லைக் கீழே போட்டேன். ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

அங்கே ஒரு சின்ன அறைக்குள் என்னை உட்கார வைத்தார்கள். பரிசோதிக்கிற பெண் என் காதுகளில் ஹெட்போனை மாட்டி, கையில் ஒரு பொத்தானைத் தந்து, சத்தம் கேட்கும்போதெல்லாம் அமுக்கச் சொன்னாள். பிறகு கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டாள். முதலில் தடித்த சத்தங்கள் வந்தன. ஒன்றுவிடாமல் அமுக்கினேன். மகளின் குரல் திரும்பக் கிடைத்துவிடும் என்று ஆசையாக இருந்தது. அப்புறம் ஒன்றும் வரவில்லை. பொத்தானில் விரலை வைத்தபடி காத்திருந்தேன். பாவம், அந்தப் பெண் கவனிக்கவில்லை போல என்று நினைத்துக் கண்ணாடியைத் தட்டி, "மிஷின் நின்னு போச்சும்மா, பாருங்க" என்றேன்.

அவள் ஏதோ சொன்னாள். விளங்கவில்லை. மனைவி உள்ளே வந்து, என் ஹெட்போனைக் கழற்றித் தன் காதில் வைத்துப் பார்த்தாள். பிறகு என் காதருகே குனிந்து, "ஓடிக்கிட்டுத்தாங்க இருக்கு" என்றாள்.