பூட்டியே இருந்த பேபி சீட்

நம்புகிறவர்கள் நம்புங்கள். நம்பாதவர்களோடு மல்லுக்கு நிற்க எனக்குத் தெம்பில்லை. நான் கண்ணால் பார்த்து, கையால் தொட்டதைத்தான் சொல்கிறேன். மணியும் சரியாகவே சொல்வேன். எந்த வண்டி எப்போது உள்ளே வந்தது, எப்போது வெளியே போனது என்று குறித்து வைப்பது எங்கள் கடையில் என் வேலை. அந்தப் பழக்கத்தில் எது நடந்தாலும் முதலில் கடிகாரத்தைப் பார்த்துவிடுவேன்.

அண்ணனும் நானும் கார் கழுவும் கடை நடத்துகிறோம். வெளியே தண்ணீர் அடிப்பது அண்ணன், உள்ளே சுத்தம் செய்வது நான். ஒரு குடும்பத்தைப் பற்றித் தெரிந்துகொள்ள அக்கம்பக்கத்தில் விசாரிக்கவே வேண்டாம். காரின் பின்சீட்டைத் தூக்கிப் பார்த்தால் போதும். நொறுங்கிய பிஸ்கட், ஒற்றைச் செருப்பு, அம்மாவுக்குத் தெரியாமல் பிள்ளை துப்பிய மாத்திரை என்று எல்லாம் அங்கே கிடக்கும். அதிலும் பேபி சீட்டைக் கழுவுவதில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று எனக்கே ஒரு நினைப்பு. பட்டைகளை உருவி, துணியைத் துவைத்து, காயவைத்து, மறுபடி பிசகாமல் கோர்த்துவிடுவேன். அந்த நினைப்புதான் என் கண்ணை மறைத்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை. காலை 10:25. பல் டாக்டரம்மா ஒருவர் வந்தார். எங்கள் கடைக்கு அதுதான் முதல் தடவை. வண்டிக்குள் ஒரு பிஸ்கட் துணுக்குகூட இல்லை. பின்சீட்டில் மட்டும் ஒரு பேபி சீட் இருந்தது. பட்டைகள் இறுக்கி, பக்கிள் பூட்டியிருந்தது. உள்ளே யாரும் இல்லை.

“இதக் கழட்டிருங்க,” என்றார். “உங்களுக்குச் சின்னப் பிள்ள இருக்கா?”

“ரெண்டு வயசுல ஒண்ணு இருக்கு டாக்டர். சரியான வாலு.”

“அப்ப நீங்களே வச்சுக்குங்க. என் பொண்ணு வளந்துட்டா.”

அப்போது நான் கேட்டிருக்க வேண்டியது ஒரே ஒரு கேள்வி. இந்த சீட் ஏதாவது விபத்தில் இருந்ததா? அடிபட்ட சீட்டை மறுபடி பயன்படுத்தக் கூடாது. வெளியே பளபளவென்று இருந்தாலும் உள்ளே விரிசல் விட்டிருக்கும். வருகிற வாடிக்கையாளர்களுக்கெல்லாம் இதைப் பாடம் எடுக்கிறவள் நான். கேட்கவில்லை. நல்ல சீட் கிடைத்த சந்தோஷத்தில் வாயை மூடிக்கொண்டு வாங்கி வைத்தேன்.

கழுவக் கழற்றியபோது ஒன்று இடித்தது. தோளுக்கான பட்டைகள் நுழைய முதுகுப் பக்கம் நான்கு வரிசைத் துளைகள் இருக்கும். பிள்ளை வளர வளர மேல் துளைக்கு மாற்ற வேண்டும். இந்த சீட்டில் பட்டைகள் கடைசித் துளையில், அடியிலேயே இருந்தன. மேலே இருந்த மூன்று வரிசையிலும் பட்டை உரசிய தடமே இல்லை.

“வளந்துட்டான்னு சொன்னாங்களே,” என்றேன் அண்ணனிடம்.

“பல்லப் பத்திக் கேளு, சொல்லுவாங்க. பட்டையப் பத்தி அவங்களுக்கு என்ன தெரியும்?” என்றான் அண்ணன்.

நானும் சிரித்தேன். என் மகளின் உயரத்துக்கு கீழிருந்து மூன்றாவது துளையில் கோர்த்தேன். மாலை 5:50-க்கு அண்ணன் காரில் மாட்டினேன். அந்தக் காரில்தான் தினமும் மூவரும் போவோம். மகளைக் காப்பகத்தில் விட்டுவிட்டு நாங்கள் கடைக்குப் போய்விடுவோம். என் கணவருக்கு வெளியூரில் வேலை. மாதம் ஒருமுறைதான் வருவார்.

புதன்கிழமை காலை 8:05. கார் கதவைத் திறந்தேன். பக்கிள் பூட்டியிருந்தது. நான் திறந்துதான் வைத்திருந்தேன்.

“நீ பூட்டினியாண்ணே?”

“எனக்கு வேற வேலை இல்லயா?”

சிவப்புப் பொத்தானை அழுத்தினேன். இரண்டு கட்டைவிரலையும் வைத்து அழுத்திய பிறகே திறந்தது. மகளை உட்காரவைத்து மாட்டினேன். டிக். அவள் பாட்டுக்குச் செருப்பைக் கழற்றி எறிந்துகொண்டு வந்தாள்.

வியாழக்கிழமை காலை 8:05. மறுபடி பூட்டியிருந்தது. இந்த முறை பட்டைகள் கடைசித் துளையில் இருந்தன.

நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். துளை மாற்ற வேண்டுமென்றால் சீட்டைக் காரிலிருந்து கழற்ற வேண்டும். கவிழ்த்துப் போட்டு, பின்னால் இருக்கும் கொக்கியிலிருந்து பட்டையை உருவ வேண்டும். எனக்கே கால் மணி நேரம் ஆகும். கார் பூட்டியிருந்தது. எல்லோருக்கும் ஒரே வீடுதான்; சாவி இரவெல்லாம் என் தலைமாட்டில் இருந்தது.

அண்ணனிடம் சொன்னால் கிண்டல் செய்வான். பேசாமல் மறுபடி மாற்றிக் கோர்த்தேன்.

வெள்ளிக்கிழமை. பிற்பகல் 3:40. மகளைத் தூக்கிக்கொண்டு காப்பகத்திலிருந்து வெளியே வந்தேன். நல்ல வெயில். பின்கதவைத் திறந்தேன்.

பூட்டியிருந்தது. கடைசித் துளை.

பட்டைகள் இறுகியிருந்தன. ஆனால் துணியில் படியவில்லை. துணிக்கு மேலே, இரண்டு விரற்கடை தள்ளி... வளைந்து நின்றன. நடுவே சின்னதாக ஒரு மார்பு இருப்பது போல.

விரலால் பட்டையை அழுத்தினேன்.

அழுந்தவில்லை.

லேசாக... ஏறி இறங்கியது.

கையை உதறினேன். பொத்தானை அழுத்தினேன். அசையவில்லை. இடுப்பில் மகள் நெளிந்தாள். பின்னால் வந்த வண்டிக்காரர் ஹாரன் அடித்தார்.

“என்ன பண்ற?” அண்ணன் கத்தினான்.

“திறக்கல.”

“மடியில வச்சுக்க. பத்து நிமிஷம்தான.”

முன்சீட்டில் ஏறினேன். என் பெல்ட்டைப் போட்டுக்கொண்டேன். மகளை மடியில் வைத்து இரண்டு கையாலும் கட்டிக்கொண்டேன். அந்த சீட்டில் அவளை உட்காரவைக்காமல் தப்பித்தோம் என்றுகூட நினைத்தேன்.

3:52. சந்திலிருந்து ஒரு வேன் குறுக்கே வந்தது. அண்ணன் பிரேக்கை மிதித்தான்.

என் பெல்ட் என்னைப் பிடித்து நிறுத்தியது. என் கைகள் அவளை நிறுத்தவில்லை. நழுவிப் போனாள். நெற்றி டேஷ்போர்டில் மோதிய சத்தம் கேட்டது. வேகம் முப்பதுகூட இருக்காது. கெட்டியாகப் பிடித்துக்கொள்வேன், ஒன்றும் ஆகாது என்று இனி யாராவது என்னிடம் சொன்னால் சண்டைக்குப் போவேன். பெற்றவள் கை அவ்வளவுதான்.

ஒரு நொடி அமைதி. பிறகு அவள் வீறிட்டு அழுதாள். அழுதாளே என்று எனக்கு உயிர் வந்தது.

அப்போது பின்னால்...

டிக்.

இருவரும் திரும்பினோம். பக்கிள் திறந்திருந்தது. பட்டைகள் இரண்டு பக்கமும் விலகிக் கிடந்தன. மூன்றாவது துளையில். என் மகளுக்கான அளவில். யாரோ எழுந்து இடம் விட்டது போல இருந்தது.

அண்ணன் முகம் வெளுத்தது. அதன் பிறகு அவன் கிண்டல் செய்யவில்லை.

மருத்துவரிடம் காட்டினோம். வீக்கம்தான், பயப்பட வேண்டாம் என்றார். இரவு கணவர் வீடியோ காலில் அழைத்து, நெற்றியில் என்ன என்று கேட்டார். “சடன் பிரேக்குங்க. சீட்லதான் உக்காந்திருந்தா. பெல்ட் போட்டிருந்தேன்,” என்றேன். கொஞ்சமும் தடுமாறாமல் சொன்னேன். அவ்வளவு சுலபமாக வந்தது அந்தப் பொய்.

படுத்தும் தூக்கம் வரவில்லை. அந்த சீட்டில் என் மகளை உட்காரவைக்கலாமா, கூடாதா? எனக்குத் தெரிய வேண்டியது அது ஒன்றுதான். பதில் டாக்டரம்மாவிடம் இருந்தது.

சனிக்கிழமை பகல் 1:10. வேலைக்கு விடுமுறை என்று வீட்டில் இருந்த அண்ணியிடம் மகளை விட்டுவிட்டு அண்ணனும் நானும் பல் மருத்துவமனைக்குப் போனோம். டாக்டரம்மா சாப்பாட்டு நேரத்துக்காகக் கையுறையைக் கழற்றிக்கொண்டே கீழே வந்தார். நான் பின்கதவைத் திறந்தேன். வரும்போது திறந்துதான் இருந்தது. இப்போது பூட்டியிருந்தது. பட்டைகள் உப்பி நின்றன.

“டாக்டர், தப்பா நினைக்காதீங்க. இந்த சீட்டு ஆக்சிடென்ட்ல இருந்ததா?”

அவர் என்னைப் பார்க்கவில்லை. சீட்டைப் பார்த்தார்.

“நான் பெல்ட் போட்டுத்தான் உக்கார வச்சிருந்தேன்,” என்றார். நான் அதைக் கேட்கவே இல்லை. மனப்பாடம் ஒப்பிப்பது போல மறுபடி சொன்னார். “பெல்ட் போட்டுத்தான் வச்சிருந்தேன்.”

முந்தின இரவு நான் சொன்ன அதே குரல்.

“நேத்து நான் என் பொண்ண மடியில வச்சிருந்தேன் டாக்டர்,” என்றேன். “பிரேக் போட்டதுல கைய விட்டுப் போயிட்டா. வீட்டுக்காரர்கிட்ட பெல்ட் போட்டேன்னு சொல்லிட்டேன்.”

அவர் கார் நிறுத்தும் இடத்தின் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“அவளுக்கு அப்பப் பதினாலு மாசம்,” என்றார். “பின்னாடி அழுதுக்கிட்டே வந்தா. என் தம்பிதான் ஓட்டினான். வீட்டுக்கு இன்னும் ரெண்டு தெரு. ஓரமா நிறுத்தச் சொல்லி, நானே பக்கிளத் திறந்து தூக்கி முன்னாடி மடியில வச்சுக்கிட்டேன். 5:15. லாரி.”

பிறகு மெதுவாகச் சொன்னார். “6:02-க்குப் போயிட்டா. அவங்க அப்பா ஆஸ்பத்திரிக்கு போன் பண்ணாரு. பெல்ட் போட்டிருந்தியான்னு கேட்டாரு. எதிர்ல சுவத்துல மணி தெரிஞ்சுது. 6:20. போட்டிருந்தேன்னு சொன்னேன். தம்பி தலையக் குனிஞ்சுக்கிட்டான். இன்னிவரைக்கும் யாருக்கும் தெரியாது.”

“இத ஏன் டாக்டர் வச்சிருந்தீங்க?”

“அந்த வண்டியோட போகட்டும்னுதான் நினைச்சேன். அடிபட்ட வண்டியப் பாக்கப் போனப்ப இது பூட்டியிருந்துச்சு. நான்தான் திறந்து அவளத் தூக்கினேன், ஆனா பூட்டியிருந்துச்சு. விட்டுட்டு வர முடியல. ரெண்டு வருஷமா எப்பப் பாத்தாலும் பூட்டித்தான் இருக்கு. நான் ஒரு நாளும் பூட்டினதில்ல. வேற ஒரு குழந்த உக்காந்தா சரியாயிடும்னு நினைச்சேன். மன்னிச்சிருங்க.”

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. முந்தின நாள் அந்த வேனின் இடத்தில் லாரி வந்திருந்தால் நானும் இப்படித்தான் உட்கார்ந்திருப்பேன்.

அவர் எழுந்தார். காருக்குள் குனிந்தார். குழந்தையிடம் பேசுவது போலத் தாழ்ந்த குரலில் சொன்னார்.

“அம்மாதான் கண்ணு உன்னத் தூக்கினேன். நீ பெல்ட் போட்டுத்தான் இருந்த. அம்மாதான் கழட்டினேன். அப்பாகிட்ட நானே சொல்லிடறேன்.”

1:34.

பட்டைகள் மெல்லத் தாழ்ந்தன.

துணியில் படிந்தன.

டிக்.

யாரும் பொத்தானைத் தொடவில்லை. அண்ணன் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு அழுதான். அவன் அழுது நான் பார்த்ததே இல்லை.

இனி யார் கையிலும் அந்த சீட் போகக் கூடாது. அதற்கு வழி பட்டைகளை வெட்டிவிடுவதுதான். அண்ணன் கத்தரிக்கோல் எடுத்து வந்தான். ஒரு பட்டையை டாக்டரம்மா வெட்டினார். இன்னொன்றை என்னை வெட்டச் சொன்னார். அன்றைக்கே என் மகளுக்குப் புது சீட் வாங்கினோம். இரவு என் கணவரிடம் உண்மையைச் சொன்னேன். அவர் திட்டவில்லை.

இதோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன்.

பன்னிரண்டு நாள் கழித்து ஒரு ரெக்கவரி வண்டி எங்கள் கடைக்குக் கழுவ வந்தது. விபத்தில் சிக்கிய கார்களைக் கட்டி இழுத்துப் போகிற வண்டி. ஓட்டுபவர் வயதானவர். டீ குடித்துக்கொண்டே அண்ணனோடு பேசிக்கொண்டிருந்தார். தூக்கிப் போட மனமில்லாமல் நாங்கள் மூலையில் வைத்திருந்த, பட்டை அறுந்த அந்த சீட்டைப் பார்த்ததும் டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

“இத நான் பாத்திருக்கேன்,” என்றார்.

இரண்டு வருடத்துக்கு முன் லாரி மோதிய டாக்டரம்மாவின் காரை இழுத்தவர் அவர்தான். வண்டிக்குள் என்னென்ன இருக்கிறது என்று எழுதிக் கொடுப்பது அவர் வழக்கம். குழந்தை சீட் ஒன்று, காலி, பக்கிள் திறந்திருக்கிறது என்று எழுதினாராம். கதவைச் சாத்தி, காரைக் கொக்கியில் மாட்டித் தூக்கினாராம். கார் அந்தரத்தில் தொங்கியது. பக்கத்தில் யாரும் இல்லை. அப்போது உள்ளே ஏதோ சத்தம் கேட்டது. இறக்கிப் பார்த்தால் சீட் இறுக்கிப் பூட்டியிருந்தது. எழுதியதை அடித்துவிட்டு, பூட்டியிருக்கிறது என்று திருத்தி எழுதினாராம். திருத்தினால் பக்கத்தில் நேரம் போட வேண்டுமாம்.

“என்ன நேரம் போட்டீங்க?” என்று கேட்டேன்.

அவருக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை.

“ஆறு இருபது.”

டாக்டரம்மா போனில் ‘போட்டிருந்தேன்’ என்று சொன்ன அதே நேரம். அந்தக் குழந்தை இறந்து அப்போது பதினெட்டு நிமிடம் ஆகியிருந்தது. டாக்டரம்மாவிடம் இதை நான் இன்னும் சொல்லவில்லை.