மேஜருக்கு ஒரு இலை

பினாங்கில் விஸ்வலிங்கத்தாரோடு சண்டை போடாத தமிழர் ஒருவர் இருந்தால், அவர் இன்னும் விஸ்வலிங்கத்தாரைச் சந்திக்கவில்லை என்றுதான் அர்த்தம். கடற்கரைத் தெருவில் ஒரு கப்பல் கம்பெனியில் தலைமைக் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். யாழ்ப்பாணத்திலிருந்து கப்பலேறி வந்த அப்பா கட்டிய வீடு கிரீன் லேனில் இருக்கிறது. அதற்கு இரும்புக் கேட். கேட்டுக்கு இரண்டு பூட்டு. மனைவி போய்ச் சேர்ந்த பிறகு அந்த வீட்டுக்குள் நுழைந்தவர்களைவிட வாசலோடு திரும்பியவர்கள் அதிகம். பக்கத்து வீட்டு மாமரம் இலை உதிர்த்தால் சண்டை, பால்காரன் மணி அடித்தால் சண்டை, கோயில் கமிட்டிக் கூட்டத்தில் தேநீர் ஆறிப்போயிருந்தால் அதற்கும் ஒரு சண்டை. கோபம் அவருக்கு மூக்கு நுனியில் இருந்தது என்று சொல்வது மரியாதைக்குச் சொல்வது. முகம் முழுக்கவே அதுதான்.

அவரோடு ஒத்துப்போன ஒரே ஜீவன் மேஜர். மேஜர் நாய். கறுப்பு உடம்பு, நெஞ்சில் மட்டும் வெள்ளை, ஒரு காது நிமிர்ந்தும் ஒரு காது மடிந்தும் இருக்கும். தெருவில் கிடந்த குட்டிதான். ஆனால் விஸ்வலிங்கத்தார் அதனோடு ஆங்கிலத்தில் மட்டுமே பேசினார். தமிழில் பேசினால் நாய் கெட்டுப்போய்விடும் என்று நினைத்தாரோ என்னவோ.

ஞாயிற்றுக்கிழமை சமையல்காரி வரமாட்டாள். அன்றைக்கு மத்தியானம் வெளியேதான் சாப்பாடு. தான் சாப்பிடப் போகுமிடத்துக்கு மேஜரும் வர வேண்டும் என்பது அவர் சட்டம். இந்தச் சட்டத்தைத் தூக்கிக்கொண்டு அவர் ஏறி இறங்காத கடையில்லை. பினாங்கு ரோட்டில் ஒரு குளிர்சாதன ரெஸ்டாரண்டில் மேனேஜரை வரச் சொல்லிக் கத்திவிட்டு வந்தார். கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் நாசி கண்டார் என்கிற சோறு-கறிக் கடை வைத்திருந்த மீரா சாகிப், பாவம், வாசலுக்கே ஓடி வந்தார்.

"ஐயா, கோவிச்சுக்காதீங்கலா. நாய உள்ள விட எங்க மார்க்கத்துல இடமில்ல. நீங்க கார்லயே இருங்க, நானே கட்டிக் கொண்டாந்து தர்றேன்."

இதைவிடப் பணிவாக ஒரு மனிதர் சொல்ல முடியாது. வேறு யாராக இருந்தாலும் வெட்கப்பட்டுப் போயிருப்பார்கள். இவரோ, "மேஜர் தினமும் குளிக்கிறவன். உம்முடைய கடையில எத்தனை பேர் குளிச்சிட்டு வாறாங்க?" என்று கேட்டுவிட்டு நாயோடு காரில் ஏறினார். நன்றாகத் திட்டியாயிற்று என்ற திருப்தி வீடு போய்ச் சேரும்வரை இருந்தது. வீட்டில் பசிதான் இருந்தது.

கடைசியில் அவருக்கு வாய்த்தது ஆயர் ஈத்தாம் சந்தைக்குக் கீழே இருந்த அர்ஜுனன் கடை. வாழையிலைச் சாப்பாட்டுக் கடை. முன்பக்கம் எப்போதும் கூட்டம். பின்பக்கம், சாக்கடை ஓரமாக, தகரக் கொட்டகை போட்டு நான்கு மேசை. அர்ஜுனனின் மனைவி நவமணி நாய்ப் பைத்தியம், அவளே மூன்று வளர்த்தாள். அதனால் நாயோடு வருகிறவர்கள் பின்பக்கம் உட்காரலாம் என்று அங்கே ஒரு வழக்கம் வந்துவிட்டது. சடை நாயோடு ஒரு சீனத்து அம்மா வருவாள். அல்சேஷனோடு ஒரு மருத்துவமனைத் தாதி வருவாள். ஒரே ஒரு கட்டுப்பாடு: இலை மனிதர்களுக்கு, நாய்க்குத் தரையில் தகரத் தட்டு. இதை அர்ஜுனன் யாருக்கும் வாய் திறந்து சொன்னதில்லை. இலை போட்டு உட்கார வைப்பது மனிதருக்குச் செய்கிற மரியாதை என்பதைத் தமிழர்களுக்குப் போய் யாராவது சொல்லிக்கொடுப்பார்களா?

இனி நல்லமுத்து கதைக்கு வர வேண்டும்.

விஸ்வலிங்கத்தாருக்கு ஒரே மகள், தவமணி. பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் குமாஸ்தா வேலை. அதே தொழிற்சாலையில் மெஷின் பழுது பார்க்கிற பையனை விரும்பிவிட்டாள். பையன் தங்கம். ஆனால் அவன் தகப்பன் நல்லமுத்து தோட்டத்துக் கூலிகளின் வரிசை வீடான லயத்தில் பிறந்து, துறைமுகத்தில் கிரேன் ஓட்டி, ஜெலுத்தோங்கில் ஒரு பிளாட் வாங்கியவர். "இந்தியாக்காரச் சனம்" என்று விஸ்வலிங்கத்தார் சொன்னால், அந்த இரண்டு வார்த்தையில் தமக்கும் அவர்களுக்கும் நடுவே ஒரு கடலையே ஓடவிட்டுவிடுவார். இரண்டு பக்கமும் பேசுவது தமிழ், கும்பிடுவது முருகன் என்பதெல்லாம் அவர் கணக்கில் வராது.

பெண் கேட்டு நல்லமுத்து வெற்றிலை பாக்குத் தட்டோடு கிரீன் லேனுக்கு வந்தார். உட்காரச் சொல்லவில்லை. தண்ணீர் கொடுக்கவில்லை. நிற்க வைத்து, ஆங்கிலத்தில் பேசி, கடைசியில் புரியவேண்டியதை மட்டும் தமிழில் சொன்னார் விஸ்வலிங்கத்தார்.

"உங்கட வீட்டில நான் மட்டுமில்ல, என்ட நாய்கூடக் கை நனைக்காது."

நாய்க்கு ஏது கை என்று கேட்க அங்கே யாருமில்லை. நல்லமுத்து தட்டைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். தவமணி பதிவுத் திருமணம் செய்துகொண்டு பின்னாலேயே போனாள். அன்றைக்குத்தான் கேட்டுக்கு இரண்டாவது பூட்டு வந்தது.

இது நடந்து இரண்டு வருஷம். எண்பத்து நான்காம் ஆண்டு தைப்பூசத்துக்குப் பிறகு, கோயிலில் யாரோ யாரிடமோ சொன்னது அவர் காதில் விழுந்தது. தவமணிக்குப் பெண் குழந்தை. விஸ்வலிங்கத்தார் முகத்தைச் சுளித்துக்கொண்டு செருப்பை மாட்டினார். ஆனால் அதற்கப்புறம் மேஜரை நடத்திக் கூட்டிப்போக ஜெலுத்தோங் வரை காரில் போகிற ஒரு புதுப் பழக்கம் வந்தது. கிரீன் லேனில் நாய் நடக்க ரோடு இல்லாமலா போயிற்று? அந்த பிளாட்டுக்கு எதிரே மேஜரை நிறுத்தி, ஒவ்வொரு மாடியாகத் துணி காயும் கொடியைப் பார்ப்பார். சின்னச் சட்டை ஏதாவது தொங்குகிறதா என்று தேடுவார். யாராவது எட்டிப் பார்த்தால் நாயை அதட்டிக்கொண்டு நகர்ந்துவிடுவார். பேத்தியைப் பார்க்க மனம் கிடந்து தவித்தது. ஒரு தரம் பெல்லை அழுத்தினால் போதும். அந்த விரல்தான் நீளவில்லை. வீம்பு பிடித்த மனிதருக்கு வேறு எதிரி எதற்கு?

தவமணிக்கும் இது ஒருமாதிரி தெரிந்திருந்தது. நாயை வைத்தே அவரை அடையாளம் கண்டிருப்பாள். வீட்டுக்குப் போனால் கேட் திறக்காது. அவளும் அர்ஜுனனும் பேசி ஒரு வழி கண்டுபிடித்தார்கள். வழியைச் சொன்னது நல்லமுத்துதான் என்பது பிறகு தெரிந்தது. அவர் வீட்டில் கை நனைக்க மாட்டேன் என்றுதானே சபதம்? கடையில் சாப்பிட்டால் யார் வீட்டிலும் கை நனைத்ததாக ஆகாது. ஒரே பந்தியில் உட்கார்ந்து எழுந்துவிட்டால், அப்புறம் உறவை யாரால் இல்லையென்று சொல்ல முடியும்? எல்லாரும் நல்லபடியாக யோசித்தார்கள். யோசிக்காமல் விட்டது விஸ்வலிங்கத்தாரின் வாயை மட்டுந்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் வழக்கமான மேசையில், வழக்கம்போல் எல்லாருக்கும் முதுகைக் காட்டி, சாக்கடைக்கு அப்பால் தெரிகிற மலையைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். மேஜர் பக்கத்து நாற்காலியின் கீழே படுத்திருந்தது. அர்ஜுனன் கையைத் துடைத்துக்கொண்டே வந்து குனிந்தான்.

"ஐயா, இன்னைக்கு ஒரு விஷயம்..."

"விஷயமெல்லாம் பிறகு. சோத்தைக் கொண்டு வாரும்."

அதற்குள் பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. கிரேன் மேலிருந்து கத்திக் கத்திப் பழகிய குரல்.

"நவமணி, மூணு இலை போடும்மா."

விஸ்வலிங்கத்தாருக்கு ரத்தம் தலைக்கேறியது. நல்லமுத்து! இங்கேயுமா? மனைவியையும் மகனையும் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறான் போலும் என்று நினைத்தார். நாற்காலிகள் இழுபடுவது, இலையில் தண்ணீர் தெளிப்பது, நவமணி முதல் இலையில் சோற்றைக் கொட்டுவது எல்லாம் காதில் விழுந்தன. திரும்பிப் பார்த்தால் அது தோல்வி. அவர் திரும்பவில்லை. அந்த ஒரு தரம் திரும்பியிருந்தால் இந்தக் கதையே இல்லை.

"அர்ஜுனன்!" என்று கொட்டகை அதிரக் கூப்பிட்டார். "பின்னால பரிமாறுறதை நிப்பாட்டச் சொல்லும். முதல்ல மேஜருக்கு இலை."

"தட்டு எடுத்தாறேன் ஐயா."

"தட்டில்ல. இலை. மேசையில."

அர்ஜுனன் அசையவில்லை.  விஸ்வலிங்கத்தாரே எழுந்து, பின்னால் திரும்பாமலே மூலையில் நறுக்கி அடுக்கியிருந்த இலைகளில் நுனி இலையாகப் பார்த்து ஒன்றை உருவினார். தன் எதிரே விரித்தார். பக்கத்திலிருந்த சோற்று வாளியை எடுத்து இரண்டு கரண்டி போட்டார். குழம்பும் ஊற்றினார். மேஜரை நாற்காலியில் ஏற்றினார். பிறகு, அந்த நாயோடு வாழ்க்கையில் முதல்முறையாகத் தமிழில் பேசினார். பின்னால் இருப்பவர்களுக்குப் புரிய வேண்டும் அல்லவா?

"சாப்பிடு மேஜர். நீ திண்டு மிச்சம் வைச்சா அவங்களுக்குப் போடுவினம். லயத்துச் சனம், மிச்சத்துக்குக் காத்திருந்து பழக்கம்."

சீனத்து அம்மாவுக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். அர்ஜுனனும் லயத்தில் பிறந்தவன். அதை விஸ்வலிங்கத்தார் இத்தனை வருஷத்தில் கேட்டதும் இல்லை, யோசித்ததும் இல்லை.

"அப்பா."

அவர் திரும்பினார்.

தவமணி உட்கார்ந்திருந்தாள். இளைத்திருந்தாள். அவள் முன்னே இலையில் சோறு ஆவி பறந்துகொண்டிருந்தது. மடியில் மஞ்சள் துணிக்குள் குழந்தை தூங்கியது. மூக்கு அப்படியே அவர் மனைவியின் மூக்கு.  இரண்டு பக்கத்திலும் நல்லமுத்துவும் அவர் மனைவியும்.

"உங்க சபதம் உடைய வேணாம்னுதான் கடையில வச்சோம்," என்றாள் தவமணி. அழவில்லை. அழுதிருந்தால் அவர் தேற்றியிருக்கலாம். "மாமாதான் சொன்னாரு. நீங்களா இறங்கி வரணும்னு சொல்ல மாமாவுக்கு உரிமை இருக்குப்பா. சொல்லல."

நல்லமுத்து எழுந்த வேகத்தில் ஸ்டூல் பின்னால் விழுந்தது. "மருமக முகத்துக்காக ரெண்டு வருஷமா வாயக் கட்டிக்கிட்டு இருந்தேன்யா. இல்லன்னா அந்தத் தட்ட அன்னைக்கே உன் மூஞ்சில விட்டெறிஞ்சிருப்பேன். நாய்க்கு இலை போட்டியே, நீ பெத்ததுக்கு என்ன போட்ட?"

ஒரு வார்த்தை. தெரியாமல் சொல்லிவிட்டேன் என்று ஒரே ஒரு வார்த்தை. அது விஸ்வலிங்கத்தாரின் தொண்டைவரை வந்தது. அவர் மகளையும் குழந்தையையும் பார்த்தார். தகரக் கொட்டகையில் இருந்த அத்தனை கண்களும் தன்மேல் இருப்பதையும் பார்த்தார். வாயைத் திறந்தார்.

"எனக்குச் சொல்லாம ஆர் உன்னை வரச் சொன்னது?"

 தவமணி குழந்தையை இடக்கையில் தாங்கிக்கொண்டு, வலக்கையால் தன் இலையின் கீழ்ப்பாதியைத் தூக்கினாள். ஒரு பருக்கை தொடாத சோற்றின்மேல் அதை எதிர்ப்பக்கமாக மடித்தாள். நல்ல காரியத்தில் சாப்பிட்டவர்கள் இலையைத் தங்கள் பக்கம் மடிப்பார்கள். எதிர்ப்பக்கம் மடிப்பது சாவு வீட்டில்தான். நவமணி வாயைப் பொத்திக்கொண்டாள். நல்லமுத்துவின் மனைவி, "ஏய், வேணாம்டி, அபசகுனம்" என்று கையைப் பிடித்தாள். மடித்தது மடித்ததுதான்.

அவர்கள் முன்பக்கமாகப் போனார்கள். போகும்போது குழந்தை விழித்து வீறிட்டது. அந்தக் குரல் சந்தை இரைச்சலில் கரையும்வரை அவர் நின்றுகொண்டிருந்தார். மேஜர் இலையைத் துப்புரவாக நக்கி முடித்துவிட்டு, இன்னும் கிடைக்குமா என்று அவர் முகத்தைப் பார்த்தது.

அர்ஜுனன் வாளியை எடுத்து ஓரமாக வைத்தான்.

"ஐயா, மேஜர் எப்ப வேணும்னாலும் வரட்டும். யாராச்சும் கூட்டிக்கிட்டு வந்தா நான் சோறு போடறேன். நீங்க இனிமே இந்தப் பக்கம் வராதீங்க."

இத்தனை வருஷமும் நாய்க்காக எத்தனையோ கடையோடு மல்லுக்கு நின்ற மனிதர். நாயை உள்ளே விட்டுத் தன்னை வெளியே போகச் சொன்ன முதல் கடை இதுதான்.   மேஜரின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார்.

கடைக்குப் பக்கத்துச் சந்தில் நவமணி எச்சில் இலைகளைத் தொட்டியில் போட்டுக்கொண்டிருந்தாள். விஸ்வலிங்கத்தார் அவளைத் தாண்டிப் போனார். கார்வரை போனார். கதவைத் திறந்து நாயை ஏற்றினார். பிறகு திரும்பி வந்தார். நவமணி நிமிர்ந்து பார்த்தாள். அவர் அவளிடம் பேசுவது அதுதான் முதல் தடவை. குரல் அவருடையது மாதிரியே இல்லை.

"பிள்ளைக்கு என்ன பேர் வைச்சிருக்கினம்?"

நவமணி தொட்டியின் மூடியைச் சாத்தினாள்.

"அதச் சொல்லத்தான் ஐயா வந்தாங்க," என்றாள். சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.