அண்ணன் கொண்டுவந்த பீங்கான் சீர்

எங்கள் அடுக்குமாடியில் என் துணிக்கொடிக்கு ஒரு ரசிகை இருக்கிறார். கீழ்வீட்டு ஃப்ரௌ கெல்லர். ஃப்ரைபர்க் வந்து இத்தனை வருடத்தில் என் சாம்பாருக்கு மயங்காதவர், குழந்தையின் மூத்திரத்துணிகள் பால்கனியில் வரிசையாகக் காய்வதைப் பார்த்து நெஞ்சில் கைவைத்து நின்றுவிட்டார். “பியோ?” என்று கேட்டார். ஜெர்மனியில் ரசாயனம் படாத எதற்கும் அதுதான் பெயர். துணி இவ்வளவு மெத்தென்று இருக்க என்ன செய்கிறீர்கள் என்றும் கேட்டார். என் அப்பா சில வருடம் இடுப்பில் கட்டியிருந்தார் என்று உள்ளதைச் சொன்னேன். அவர் அதை ஜோக் என்று நினைத்துச் சிரித்துவிட்டு, தனக்குத் தெரிந்த தாய்மார்களிடமெல்லாம் பூமியைக் காப்பாற்ற வந்தவள் என்று என்னைப் பற்றிச் சொல்லிவைத்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை. பழைய வேட்டியைக் கிழித்ததைத் தவிர நான் ஒன்றும் கிழிக்கவில்லை என்பதை வசதியாக மறந்துபோனேன்.

அந்த மிதப்பில் இருந்தபோதுதான் விருத்தாசலத்திலிருந்து செந்தில் அண்ணனின் பார்சல் வந்தது. அண்ணனுக்கு அங்கே சின்னதாக ஒரு பீங்கான் பட்டறை. ஊறுகாய் ஜாடியும் பொம்மையும் சுட்டு விற்கிற மனிதர், தங்கை மகளுக்கு அனுப்பியிருந்ததோ அத்தனையும் பிளாஸ்டிக். பால்புட்டி, கிலுகிலுப்பை, அமுக்கினால் நிறுத்தாமல் பாடுகிற ஒரு வாத்து. உடனே போனில் பிடித்துக்கொண்டேன்.

“அண்ணே, பிளாஸ்டிக்கு கொழந்த வாயில வைக்கக் கூடாதுண்ணே. மண்ணுல செஞ்சது, மரத்துல செஞ்சது, அவ்ளோதான் யாழினிக்கு.”

“நாள் பூரா பீங்கானோட மாரடிக்கிறவன் நானு. எங்கிட்டயே பாடம் எடுக்குறியா? சரி வுடு,” என்று வைத்துவிட்டார்.

அதோடு சரி. பக்கத்து ஊர் பெண்ணாடத்தில் மழை பெய்தால்கூட போன் போட்டு எனக்குச் சொல்கிற அண்ணன் வாயை மூடிக்கொண்டார். ஊருக்குப் போய் யாழினிக்குக் காது குத்த வேண்டியிருந்தது. எங்கள் பக்கம் தாய்மாமன் மடி இல்லாமல் காதுகுத்து கிடையாது. அண்ணியிடம் கேட்டால், “உங்கண்ணன் கொளஞ்சியப்பருகிட்ட உம்மேல பிராது கட்டப்போறேன்னு நிக்கிறாரு” என்றாள். போலீசுக்குப் போக மனமில்லாதவர்கள் எங்கள் ஊரில் கொளஞ்சியப்பர் கோயிலுக்குப் போய்ப் புகாரை எழுதிக் கட்டிவிட்டு வருவார்கள். காது குத்தப்போவதும் அதே கோயிலில்தான். பிராது கட்டுகிறவர் மடி கொடுப்பாரா? எனக்குத் தூக்கம் போயிற்று. குழந்தையால் ஏற்கெனவே போயிருந்தது என்பது வேறு விஷயம்.

காதுகுத்து அன்று காலை மொட்டை போட்டு முடித்து, கோயில் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். மேளச்சத்தம் கேட்டது. முன்னால் அண்ணன், பட்டுவேட்டியில், முறைப்பாக. பின்னால் அண்ணி தட்டில் குழந்தைக்குப் பால் புகட்டப் பீங்கான் பாலாடை, பீங்கான் கிலுகிலுப்பை. அதற்கும் பின்னால் பட்டறை ஆட்கள் இரண்டு பேர் மூச்சு வாங்கத் தூக்கிவந்தது, குழந்தை குளிக்க ஒரு பீங்கான் தொட்டி. கடைசியாக, குழந்தை உட்கார்ந்து வெளிக்குப் போகக் குட்டியாக ஒரு பீங்கான், பூப்போட்டது. சீர்வரிசை ஆயிற்றே என்று யாரோ அதற்கும் குங்குமம் வைத்து, மேலே ஒரு சீப்பு வாழைப்பழத்தையும் வைத்திருந்தார்கள்.

“மண்ணுல செஞ்சதுதான் வேணும்னியே, பாத்துக்க,” என்றார் அண்ணன்.

அண்ணி என் காதோரம் வந்தாள். “கிலுகிலுப்பைக்கு உள்ளாற போட்ட மணி ஒட்டிக்கிட்டு சத்தமே வரல கலை. சுட்டுச் சுட்டு ஒடச்சிப்போட்டாரு. அது கிலுகிலுங்குற வரைக்கும் மனுசன் சோறு திங்கல.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. சிரிப்பும் வந்தது, அந்த வாழைப்பழத்தைப் பார்த்து.

அண்ணன் மடியை விரித்து உட்கார்ந்தார். ஆசாரி ஊசியை எடுத்ததும் யாழினி வீறிட்டாள். அண்ணன் கிலுகிலுப்பையை ஆட்டினார். அழுகை நின்றது. கையை நீட்டி வாங்கினாள், மாமனை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தாள், ஓங்கிக் கருங்கல் தரையில் அடித்தாள். கிலுகிலுப்பை தூள் தூளாகச் சிதறியது. “நல்ல நாளும் அதுவுமா,” என்று யாரோ முனகினார்கள். அண்ணன் முகம் செத்துவிட்டது. நான் எதுவும் சொல்ல வாயெடுப்பதற்குள், மொட்டைக்குத் தலை நனைத்த சிவப்பு பிளாஸ்டிக் மக்கை எட்டிப் பிடித்துக்கொண்டாள் யாழினி. வாயில் வைத்துக் கடித்தாள், தரையில் தட்டினாள், பொக்கைவாய் தெரியச் சிரித்தாள். ஆசாரி அந்தச் சிரிப்புக்குள்ளேயே இரண்டு காதையும் முடித்துவிட்டார்.

அண்ணன் என்னை நிமிர்ந்து பார்த்தார். “என்னா கலை, புடுங்கிடட்டுமா?”

“புடுங்காதண்ணே. அழுவுவா.”

“பிளாஸ்டிக்கு ஆச்சே.”

“இருந்துட்டுப் போவுது.”

மேளக்காரர்களே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தார் அண்ணன். பிராது தள்ளுபடியானது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

தொட்டியை எந்த விமானம் ஏற்றும்? ஊரில் அண்ணி அதில் துணி ஊறவைக்கிறாள். பாலாடை வேட்டித்துணிக்குள் சுருண்டு எங்களோடு வந்தது. சிவப்பு மக்கும் வந்தது, யாழினி விட்டால்தானே. பூமியைக் காப்பாற்ற வந்தவளாகிய என் வீட்டுக் குளியலறையில் அதைக் கண்ட ஃப்ரௌ கெல்லர், இதுவும் பியோவா என்றார். கோயிலில் கிடைத்தது என்றேன். பயபக்தியோடு தொட்டுப் பார்த்துவிட்டு வைத்தார்.

அண்ணன் புதிதாக ஒரு கிலுகிலுப்பை சுட்டிருக்கிறார். அனுப்பச் சொன்னால், “வழியில ஒடஞ்சிடும், வந்து வாங்கிக்க” என்கிறார். காலையில் நான் யாழினியைக் குளிப்பாட்டும்போது அங்கே அவருக்குச் சாப்பாட்டு நேரம். பட்டறையிலிருந்து வீடியோ காலில் வந்து அதை ஆட்டுகிறார். யாழினி மக்கைக் கீழே போடுகிறாள். ஈரத்தோடு தவழ்ந்து போய், சுவரில் சாய்த்துவைத்த போனை நகர்த்திவிட்டு, மாமன் எங்கே என்று அதன் பின்னால் தேடுகிறாள்.